49 கம்பிகளில் 22 முன்பே போயிருந்தன... பாலங்கள் சொல்லாமல் கொள்ளாமல் விழுகின்றனவா? - ஓர் எளிய விளக்கம்

பாலத்தின் உடைந்த விளிம்பில் பாதி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த டேங்கர் லாரி. 2025 ஜூலையில் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்த அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. குஜராத்தின் வதோதரா மாவட்டத்தையும் ஆனந்த் மாவட்டத்தையும் இணைக்கும் கம்பீரா பாலம், ஜூலை 9 காலை மகிசாகர் ஆற்றுக்குள் விழுந்தது. 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

அன்று நிலநடுக்கம் இல்லை. கப்பலோ படகோ வந்து தூணில் மோதவில்லை. தினமும் போகிற அதே மாதிரி வண்டிகள்தான் போய்க்கொண்டிருந்தன. 1985-ல் கட்டப்பட்டு, சுமார் 40 வருஷம் தாங்கிய பாலம், அந்தக் காலையில் மட்டும் ஏன் தாங்கவில்லை?

"திடீர்னு இடிஞ்சு விழுந்துடுச்சு" என்பதுதான் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நாம் கேட்கிற வாக்கியம். பொறியாளர்களிடம் கேட்டால் அந்த 'திடீர்' என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரும்பும் கான்கிரீட்டும் விழுவதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே தங்கள் நிலைமையைக் காட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்ப்பதற்கும் அளப்பதற்கும் ஆள் வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் ஒரு பகுதி உண்மையில்லை. எந்தப் பகுதி எது என்பதைப் புரிந்துகொள்ள, ப்ளஸ் ஒன் இயற்பியலில் படித்துவிட்டு மறந்துபோன இரண்டு வார்த்தைகளைத் தூசி தட்ட வேண்டும்: ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன். பாடப்புத்தகத் தமிழில் தகைவு, திரிபு.

கம்பீரா விபத்தில் முதற்கட்டமாக வெளியே சொல்லப்பட்ட காரணம் மிகச் சுருக்கமானது. பாலத்தின் தாங்கு பீடமும் இணைப்புப் பகுதியும் நசுங்கின என்பதுதான் அது. அதே குஜராத்தில் அதற்கு மூன்று வருஷம் முன்பு விழுந்த மோர்பி தொங்கு பாலம் பற்றி, கம்பி கம்பியாக எண்ணிச் சொல்லும் விசாரணை அறிக்கை இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

மோர்பியில் என்ன நடந்தது?

மச்சு ஆற்றின் மேல் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தொங்கு பாலம் அது. மோர்பி நகராட்சிக்குச் சொந்தமானது. பராமரிப்பு ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. சில மாதங்கள் மூடிவைத்துப் பழுது பார்த்து, 2022 அக்டோபர் 26-ல் மறுபடி திறந்தார்கள். நான்கே நாளில், அக்டோபர் 30 ஞாயிற்றுக்கிழமை மாலை, தீபாவளி விடுமுறைக் கூட்டம் மேலே நின்றிருந்தபோது அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். குழந்தைகள் நிறைய.

குஜராத் அரசு அமைத்த சிறப்பு விசாரணைக் குழுவின் முதற்கட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. பாலத்தைத் தாங்கிய முக்கிய வடம் ஒவ்வொன்றும் ஏழு புரிகளால் ஆனது. ஒவ்வொரு புரியிலும் ஏழு எஃகுக் கம்பிகள். ஆக மொத்தம் 49. அறுந்த வடத்தில், 22 கம்பிகளின் முனைகள் துருப்பிடித்திருந்தன. அதாவது அவை விபத்துக்கு முன்பே அறுந்து போயிருக்கலாம். மீதி 27 கம்பிகள்தான் அன்று அறுந்தவை.

இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டே ஸ்ட்ரெஸ் என்றால் என்ன என்று முழுசாகப் புரிந்துகொள்ளலாம்.

ஸ்ட்ரெஸ்: எத்தனை பேர் வடம் பிடிக்கிறார்கள்?

தேர் வடத்தை 49 பேர் பிடித்து இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் 22 பேர் கையை விட்டுவிட்டார்கள். தேரின் கனம் குறையவில்லை. மிச்சமிருக்கிற 27 பேர் தலையிலும் அந்தச் சுமை கூடுதலாக விழும். ஒவ்வொருவரும் முன்பு இழுத்ததைப்போல 49-ஐ 27-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 1.8 மடங்கு இழுத்தாக வேண்டும்.

ஸ்ட்ரெஸ் என்பது இதுதான். மொத்தச் சுமை எவ்வளவு என்பதைச் சொல்வதல்ல அது. அந்தச் சுமை எவ்வளவு பரப்பில் பகிரப்படுகிறது என்பதைச் சொல்வது. விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது. பொறியாளர்கள் இதை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று சொல்வார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் பருமனுள்ள கம்பியில் ஒரு டன் எடையைத் தொங்கவிட்டால், அந்தக் கம்பிக்குள் ஏறக்குறைய 100 நியூட்டன் ஸ்ட்ரெஸ் இருக்கிறது என்று அர்த்தம்.

மோர்பி கணக்கில் ஒரு நுணுக்கமும் உண்டு. முறுக்கிய வடத்தில் ஒரு கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும், பக்கத்துக் கம்பிகளோடு உள்ள உராய்வினால் கொஞ்ச தூரம் தள்ளி அது மறுபடி சுமையைப் பகிர ஆரம்பித்துவிடும். அதனால் 22-ம் ஒரே இடத்தில் அறுந்திருந்தால்தான் முழு 1.8 மடங்கு. ஆனாலும் திசை அதுதான்.

"அப்படியென்றால் பழுது பார்த்துத் திறந்த அன்றே ஏன் விழவில்லை?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. எந்தப் பாலத்தையும் சரியாக அதன் சுமைக்கு மட்டும் கட்ட மாட்டார்கள். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கூடுதல் பலம் வைத்துத்தான் கட்டுவார்கள். உதாரணத்துக்கு, மூன்று மடங்கு பலம் இருந்த ஒரு வடத்தில் இந்த அளவு கம்பிகள் போனால், மிச்சம் சுமார் 1.65 மடங்கு. அப்போதும் பாலம் நிற்கும். பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சாம்பார் வைக்க எடுத்து வைத்த பருப்பு டப்பாவில் பாதி காலியாகிவிட்டது, மூடியைத் திறக்காதவரை யாருக்கும் தெரியாது என்கிற கதைதான்.

அந்த மிச்சமிருக்கிற பலத்தையும் மோர்பியில் வேறு சில விஷயங்கள் தின்றன. பழைய மரப்பலகைத் தளத்தை எடுத்துவிட்டு அலுமினியத் தளம் போட்டார்கள். விழுந்த சமயத்தில் சுமார் 300 பேர் மேலே இருந்தார்கள். பாலம் தாங்கக்கூடிய அளவைவிட அது மிக அதிகம் என்கிறது அறிக்கை.

ஸ்ட்ரெய்ன்: கண்ணுக்குத் தெரியாத நீட்சி

ஸ்ட்ரெஸ்ஸை நேரடியாகப் பார்க்க முடியாது. ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்து 'இதற்குள் 100 நியூட்டன் இருக்கிறது' என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவைப் பார்க்கலாம். சுமை ஏறினால் பொருள் நீளும், குறுகும், வளையும். எவ்வளவு நீண்டது என்பதை அதன் அசல் நீளத்தால் வகுத்தால் வருவதுதான் ஸ்ட்ரெய்ன்.

இரும்பு நீளுமா? கண்டிப்பாக நீளும். 10 மீட்டர் நீள எஃகுக் கம்பியில் 200 நியூட்டன் ஸ்ட்ரெஸ் கொடுத்தால் 10 மில்லிமீட்டர் நீளும். ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம். சுமையை எடுத்தால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும், ரப்பர் பேண்ட் மாதிரியே. சொல்லப்போனால் இந்த 'திரும்பி வருதல்' விஷயத்தில் ரப்பரைவிட எஃகுதான் ஒழுங்கானது. இரண்டு மடங்கு இழுத்தால் சரியாக இரண்டு மடங்கு நீளும். ரப்பர் அப்படி நேர்கோட்டில் நடந்துகொள்ளாது.

ஆனால் எஃகின் இந்த ஒழுங்குக்கு ஓர் எல்லை இருக்கிறது. மேஜையில் ஒரு ஜெம் கிளிப் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நாலைந்து காகிதத்தில் குத்தினால் விரிந்து, எடுத்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதையே விரலால் இழுத்து நீட்டினால்? நீண்டது நீண்டபடியே நிற்கும். முதலில் நடந்தது மீள்கிற மாற்றம். இரண்டாவது மீளாத மாற்றம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த எல்லைக்கோட்டைத்தான் யீல்டு பாயிண்ட் என்கிறார்கள்.

இந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே உடைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சாதாரண எஃகு இதற்கப்புறமும் நிறைய தாங்கும். நீளும், இன்னும் நீளும், ஒரு இடத்தில் இடுப்பு மாதிரி மெலியும், அதற்குப் பிறகுதான் அறும். கட்டடங்களிலும் பாலங்களிலும் வேலை செய்கிற பொறியாளர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதி உயிர்நாடி. ஏனென்றால் அந்த நீட்சிதான் எச்சரிக்கை மணி. பீம் தொய்கிறது, விரிசல் தெரிகிறது, கதவு சரியாக மூடவில்லை, ஆட்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கிறது.

சாக்பீஸ் அப்படி இல்லை. வளைத்துப் பாருங்கள், எந்த முன்னறிவிப்பும் தராமல் 'டக்'கென்று உடையும். கண்ணாடி, செங்கல், கம்பி போடாத கான்கிரீட் எல்லாம் இந்த ரகம்.

டிஎம்டி விளம்பரத்தில் வராத எண்

வீடு கட்டுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம். டிவியைத் திறந்தால் டிஎம்டி கம்பி விளம்பரம். யானை வருகிறது, நடிகர் வருகிறார், '550' என்று பெரிதாக ஓர் எண் வருகிறது. அந்த எண் என்ன? அந்தக் கம்பியின் யீல்டு எல்லை. ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 550 நியூட்டன் வரை மீளாத நீட்சிக்குப் போகாமல் தாங்கும் என்று பொருள். 500 என்று போட்டிருக்கும் 12 மி.மீ. கம்பி ஒன்று, அந்த எல்லை வரை ஐந்தரை டன்னுக்கு மேல் தாங்கும். விரல் மொத்தக் கம்பி ஒன்றில் நாலைந்து சின்னக் காரைத் தொங்கவிடலாம் என்றால் பிரமிப்புதான்.

ஆனால் பலம் கூடுகிறபோது பொதுவாக நீளும் தன்மை குறையும். டிஎம்டி கம்பிகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1786. அதன்படி, எஃப்இ 500 கம்பி உடைவதற்கு முன் குறைந்தது 12% நீள வேண்டும். எஃப்இ 550-க்கு அது 10% போதும். பெயருக்குப் பின்னால் 'டி' என்ற எழுத்து இருந்தால் கதை வேறு. 500டி என்றால் 16%, 550டி என்றால் 14.5%. 'டி' என்பது டக்டிலிட்டி, அதாவது நீளும் தன்மை. நிலநடுக்கத்தில் வீடு ஆடும்போது கம்பி அறாமல் நீண்டுகொடுப்பதற்கு இந்த எழுத்துதான் கைகொடுக்கும். கடையில் '550 இருக்கா?' என்று கேட்பவர்கள் அந்தக் கடைசி எழுத்தையும் சேர்த்துக் கேட்டால் நல்லது.

இன்னொரு விஷயம், கேட்டால் பலருக்கு நம்பக்கூட முடியாது. 'எதுக்கும் இருக்கட்டும், பீம்ல ரெண்டு கம்பி சேர்த்துப் போடுங்க மேஸ்திரி' என்று சொல்கிறோம் இல்லையா? அளவுக்கு மீறி அப்படிச் சேர்ப்பது சில சமயம் ஆபத்தையே கூட்டும்.

காரணம் இதுதான். பீமின் மேல்பகுதி கான்கிரீட் அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதிக் கம்பி இழுக்கப்படுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் கெட்டி, ஆனால் இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அதனால்தான் கீழே கம்பி. அதிகச் சுமை வரும்போது முதலில் கம்பி நீள வேண்டும், கான்கிரீட் பிறகுதான் நொறுங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வடிவமைப்பார்கள். கம்பி நீண்டால் பீம் தொய்யும், விரிசல் காட்டும். கம்பியை அளவுக்கு மீறிப் போட்டுவிட்டால் அது நீளவே நீளாது. நீளத் தெரியாத கான்கிரீட் முந்திக்கொள்ளும். வளைந்து அமுங்கும் கான்கிரீட் தாங்கும் ஸ்ட்ரெய்ன் 0.35% என்றுதான் இந்திய விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதைத் தாண்டினால் எச்சரிக்கை எதுவும் கிடையாது. அதிகச் சுமை தாங்கும், ஆனால் சொல்லாமல் விழும்.

2.5 மில்லிமீட்டர் விரிசல், 46 உயிர்கள்

இதுவரை படித்ததை வைத்து, 'அப்ப இரும்பு எப்பவுமே முன்கூட்டிச் சொல்லிடும்' என்று முடிவுக்கு வந்துவிடக்கூடாது. அமெரிக்காவின் சில்வர் பாலம் அதற்குச் சாட்சி.

ஒஹாயோ ஆற்றின் மேல் 1928-ல் திறக்கப்பட்ட பாலம் அது. வடத்துக்குப் பதிலாக, இரண்டு முனையிலும் துளை உள்ள நீளமான எஃகுப் பட்டைகளைச் சைக்கிள் செயின் மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டைகள். அன்றைய தேதிக்கு அது உயர்பலம் கொண்ட எஃகு. 1967 டிசம்பர் 15 மாலை, கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்து நெரிசலில், ஒரு பட்டையின் துளையோரம் உடைந்தது. ஜோடிப் பட்டையால் தனியாகத் தாங்க முடியவில்லை. சுமார் ஒரு நிமிடத்தில் பாலமே ஆற்றுக்குள் போனது. 46 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் கிடைத்தது சுமார் 2.5 மி.மீ. ஆழமுள்ள ஒரு விரிசல். அதுவும் துளையின் உள்பக்கம், பாகங்களைக் கழற்றாமல் பார்க்கவே முடியாத இடத்தில்.

இவ்வளவு பெரிய பட்டையை இவ்வளவு சின்ன விரிசல் எப்படி உடைக்கும்? ஷாம்பு பாக்கெட்டை யோசித்துப் பாருங்கள். ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் ஒரு இழுப்பில் கிழிந்துவிடும். வெட்டு இல்லாத பக்கம் ஈரக்கையோடு என்ன மல்லுக்கட்டினாலும் கிழியாது, கடைசியில் பல்லால் கடிக்க வேண்டியதுதான். பாக்கெட்டின் பலம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வெட்டின் கூர்முனையில் ஸ்ட்ரெஸ் மொத்தமும் குவிந்துவிடுகிறது, அதுதான் வித்தியாசம். பொருள் முழுவதும் சராசரியாக 100 இருக்கும்போது, அந்த முனையில் மட்டும் அதுபோலப் பல மடங்கு இருக்கும். துளை, கூர்மையான மூலை, சரியில்லாத வெல்டிங், துருக்குழி எல்லாமே இப்படிப்பட்ட வெட்டுகள்தான்.

இதோடு சேர்வது உலோகச் சோர்வு. கட்டுமான வேலை நடக்கிற இடத்தில் பார்த்திருப்பீர்கள். கட்டுக்கம்பியைத் துண்டாக்கக் கையில் கட்டிங் பிளேயர் இல்லையென்றால், அதே இடத்தில் இப்படியும் அப்படியுமாக நாலைந்து தடவை வளைப்பார்கள். பட்டென்று அறும். நேராக இழுத்து அந்தக் கம்பியை அறுக்க யாராலும் முடியாது. திரும்பத் திரும்ப வருகிற சுமைக்கு அவ்வளவு வீரியம். பாலங்களில் இது இன்னும் பொறுமையாக நடக்கும். ஒவ்வொரு லாரி போகும்போதும் சின்னதாக ஒரு வளைவு, போனபின் மீட்சி. ஒவ்வொன்றும் யீல்டு எல்லைக்கு ரொம்பக் கீழேதான். ஆனால் லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான தடவை. எங்கேயோ ஒரு வெட்டின் முனையில் விரிசல் தொடங்கி, தலைமுடி அளவாக வளரும். வளர்கிற காலம் முழுக்க வெளியே தெரிகிற தொய்வு எதுவும் இருக்காது. விரிசல் ஒரு குறிப்பிட்ட நீளத்தை எட்டியதும், நீளக்கூடிய எஃகுகூடச் சாக்பீஸ் மாதிரி உடையும்.

மோர்பி அறிக்கையில் வெல்டிங் பற்றி ஒரு குறிப்பு வருவதை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். வடத்தையும் தளத்தையும் இணைக்கிற தொங்கு கம்பிகள் ஒரே துண்டாக இருந்திருக்க வேண்டும். பழுது பார்த்தபோது பழைய கம்பிகளோடு புதுக் கம்பிகளை வெல்டிங் செய்து ஒட்டவைத்திருந்தார்கள். அதனால் அந்தக் கம்பிகள் நடந்துகொள்ளும் விதமே மாறிவிட்டது என்கிறது குழு.

துருவும் சும்மா விடாது. 12 மி.மீ. கம்பி சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் அரிக்கப்பட்டால் 10 மி.மீ. ஆகிறது. 'ரெண்டு மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். பரப்பளவில் பார்த்தால் 30% போய்விட்டது. அதே சுமைக்கு ஸ்ட்ரெஸ் 44% கூடிவிட்டது.

புகைப்படத்தில் இருந்தது, கண்ணில் படவில்லை

சில்வர் பாலம் விழுந்த அதே 1967-ல் திறக்கப்பட்டது மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த ஐ-35டபிள்யூ பாலம். 2007 ஆகஸ்ட் 1 மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் அது விழுந்தது. 13 பேர் இறந்தார்கள், 145 பேர் காயமடைந்தார்கள்.

இங்கே துருவும் இல்லை, சோர்வும் முக்கியக் காரணம் இல்லை. இரும்புச் சட்டங்கள் ஒன்றுசேரும் மூட்டுகளில் வைத்து இறுக்கும் தகடுகள், இருக்க வேண்டிய கனத்தில் ஏறக்குறைய பாதிதான் இருந்தன. சுமார் 12.7 மி.மீ. வடிவமைப்பு மேஜையிலேயே நடந்த தவறு. 40 வருஷம் தாக்குப்பிடித்தது. நடுவில் சாலைத் தளத்தைத் தடிமனாக்கினார்கள். அன்றைக்குப் பழுது வேலைக்காக மணலும் ஜல்லியும் வண்டிகளும் பாலத்தின் மேல் நின்றிருந்தன. கூடுதல் பலம் என்று ஒன்று அங்கே முதலிலிருந்தே இல்லை.

விபத்துக்குப் பிறகு பழைய ஆய்வுப் புகைப்படங்களைத் தோண்டினார்கள். 1999-லும் 2003-லும் எடுத்த படங்களில் அந்தத் தகடுகள் ஏற்கெனவே வளைந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. அதாவது யீல்டு எல்லை தாண்டிய மீளாத மாற்றம், கேமராவிலேயே பதிவாகியிருந்தது. படம் எடுத்தவர்கள் துருவைத் தேடிப் போனவர்கள். வளைவைத் தேடவில்லை.

பொறியாளர்கள் சொல்வதில் எது உண்மை, எது இல்லை என்ற ஆரம்பக் கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. சுமை கூடிப்போய், பொருள் நீண்டு வளைந்து விழும் விபத்துகளில் எச்சரிக்கை இருக்கிறது, மினியாபொலிஸில் இருந்த மாதிரி. சின்ன விரிசலிலிருந்து வெடித்து வரும் விபத்துகளில் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாது, சில்வர் பாலத்தில் தெரியாத மாதிரி. அந்த ரகத்துக்கு அல்ட்ராசோனிக் பரிசோதனை போன்ற கருவிகளோடு, எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தவர்கள் போனால்தான் உண்டு. மோர்பி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அறுந்துபோன 22 கம்பிகள் துருப்பிடிக்கிற அளவுக்குக் காலம் இருந்திருக்கிறது. வடத்தைப் பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

24 மணி நேரத் தேர்வு

பிரித்துப் பார்க்காமலும் ஒரு பாலத்தைப் பேசவைக்கலாம். அதற்குப் பெயர் சுமைச் சோதனை. மணல் மூட்டை அல்லது லோடு ஏற்றிய லாரிகளைப் பாலத்தின் மேல் நிறுத்தி, எவ்வளவு தொய்கிறது என்று அளப்பார்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, சுமையை இறக்குவார்கள். முக்கியமான அளவு அதற்குப் பிறகுதான் வரும்: தொய்ந்ததில் எவ்வளவு திரும்பி மேலே வந்தது? சாதாரணக் கான்கிரீட் கட்டமைப்பு என்றால், சுமையை இறக்கிய 24 மணி நேரத்துக்குள் குறைந்தது 75% மீண்டிருக்க வேண்டும் என்பது இந்திய விதி. ஜெம் கிளிப் கதையேதான். திரும்பி வந்தால் எல்லைக்குள் இருக்கிறது, வராவிட்டால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

மோர்பி பாலத்தைத் திறப்பதற்கு முன் இந்தச் சோதனை நடக்கவில்லை. கட்டமைப்புப் பரிசோதனை எதுவுமே நடக்கவில்லை என்று அறிக்கை சொல்கிறது. 2023 ஏப்ரலில் மோர்பி நகராட்சியை மாநில அரசு கலைத்தது. கம்பீரா விபத்துக்கு மறுநாள் நான்கு பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். விழுந்த பிறகு நடவடிக்கை எடுப்பதில் தாமதம் இல்லை.

அமெரிக்காவும் சில்வர் பாலம் விழுந்த பிறகுதான் விழித்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அங்கே நாடு முழுமைக்குமான பால ஆய்வு விதி கிடையாது. 1971-ல் தேசியத் தரவிதிகள் வந்தன, பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு என்றானது. அப்படியும் 2007 தப்பவில்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம். இந்தியாவில் மத்திய அரசு 2016-ல் தொடங்கிய பால மேலாண்மை அமைப்பு, தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களைக் கணக்கெடுத்து, நிலைமைக்கேற்ப மதிப்பெண் போடும் முயற்சி. ஆனால் மோர்பி நகராட்சிப் பாலம். நெடுஞ்சாலைப் பட்டியலில் வராத இப்படிப்பட்ட பாலங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

கம்பீரா பாலம் ரொம்ப ஆடுகிறது என்று அந்தப் பகுதி மக்கள் விபத்துக்கு முன்பே புகார் சொல்லியிருந்ததாகச் செய்திகள் வந்தன. 'ஆடுது' என்பது அறிவியல் மொழி இல்லைதான். ஆனால் ஒரு பாலம் முன்பைவிட அதிகமாக, முன்பைவிட மெதுவாக ஆடினால், அதன் விறைப்பு குறைந்திருக்கலாம் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்த பாடம். தளத்தில் ஒரு அதிர்வுமானியை வைத்தால் அந்தப் புகாரை எண்ணாக மாற்றிவிடலாம்.

உங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். எந்தத் துறைக்குச் சொந்தம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அதுவே பாதி வேலை. பிறகு கேட்க வேண்டியவை: கடைசி ஆய்வு எந்தத் தேதியில் நடந்தது, அதன் அறிக்கை நகல், சுமைச் சோதனை செய்யப்பட்டதா, செய்திருந்தால் 24 மணி நேரத்துக்குப் பிறகு எத்தனை சதவீதம் மீண்டது. கடைசிக் கேள்விக்கு 'ஆய்வு செய்யப்பட்டு திருப்திகரமாக உள்ளது' என்று பதில் வந்தால், அது பதில் இல்லை. எண்தான் வேண்டும் என்று மேல்முறையீடு செய்யலாம்.